கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: 14 நாள் பார்த்ததில்

அப்பாவுக்காக வாங்கியது, ஆனால் அவர் பயந்ததால் முதலில் என் கையில் ஒட்டிக்கொண்டேன். எறும்புக்கடி அளவுகூட வலி இல்லை. நாலு இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று போனில் கோடாகவே தெரிகிறது. டாக்டர் சொல்லி நம்பாத அப்பா இதைப் பார்த்து நம்பினார்.

ஆனால் இது ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸைத்தான் அளக்கிறது, அதனால் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். மயக்கம் வருவதுபோல் இருந்து, திரையில் எண் சரியாகவே இருந்தால், விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள்.

இதன் அடிப்படை பழையது: குளுக்கோஸோடு வினைபுரியும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைமை மின்முனையோடு சேர்த்துச் சர்க்கரையை அளக்கும் யோசனையை அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் 1962-இலேயே வெளியிட்டார். அமெரிக்காவில் சர்க்கரையைத் தொடர்ந்து கண்காணிக்கும் முதல் கருவிக்கு அனுமதி கிடைத்தது 1999-இல்! ஆய்வகத்திலிருந்து நோயாளியின் கைக்கு வர அத்தனை வருடம்.

சரி, குறைகள். எங்கள் ஊர் வியர்வைக்கு ஒன்பதாம் நாளே ஓரம் பிய்ந்து, மேலே பிளாஸ்திரி போட வேண்டியிருந்தது. விலையும் மாதா மாதம் கட்டுப்படியாகாது, எப்போதாவது ஒன்று ஒட்டிப் பார்க்கலாம். அப்புறம், அந்தக் கையை அழுத்திப் படுத்தால் சர்க்கரை குறைந்துவிட்டதாக நடுராத்திரியில் அலறும், வீடே எழுந்துவிட்டது.