தெரு நடனமும் தில்லானாவும்: படத்துக்குப் பணத்தை எங்கே தேடுவது?

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் ஒரு குழு. பிரேக்கிங், பாப்பிங், கொஞ்சம் க்ரம்ப், எல்லாம் தெரு நடன வகைகள். அவர்கள் சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவுக்கு ஆடுவதை ஒரு குறும்படமாக எடுக்க நினைத்தோம். அந்தத் தில்லானாவின் ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் (எண்ணிக்கை), தெரு நடனக்காரர்கள் வாய்விட்டு எண்ணுவதும் எட்டு. அதனால் ஆடுவதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கலெல்லாம் பணத்தில்தான்.

தயாரிப்புப் பொறுப்பு என்னுடையது. நான்கு வழிகளைப் பார்த்தோம்: பிராண்டு ஸ்பான்சர், கலை அமைப்புகளின் நல்கை (கிராண்ட்), பொதுமக்களிடம் திரட்டுவது, கைக்காசு. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன் என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

கைக்காசை முதலில் முடித்துவிடலாம். 2011இல் லில் பக் என்ற, மெம்ஃபிஸ் ஜூக்கின் என்ற அமெரிக்கத் தெரு நடனம் ஆடுகிறவர், புகழ்பெற்ற யோ-யோ மாவின் செல்லோவுக்கு ஆடியதை ஹாலிவுட் இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்து இணையத்தில் போட, அது எங்கெங்கோ பரவியது. மேடை கிடையாது, செட் கிடையாது. "பார், செலவே இல்லை" என்று அதைக் காட்டும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. செல்லோவில் யோ-யோ மாவும் கேமராவுக்குப் பின்னால் ஸ்பைக் ஜோன்ஸும் இருந்தால் எனக்கும் பட்ஜெட் வேண்டாம்தான். நம் நிலைமையில் கைக்காசு என்றால் நகைக்கடன். கடன் வாங்கி எடுக்கும் படத்தில் முதலில் வெட்டுப்படுவது ஆடுகிறவர்களின் பேட்டா. எங்கள் குழுவில் பாதிப் பேர் உணவு டெலிவரி செய்கிறவர்கள். ஒத்திகைக்கு வந்தால் அன்றைய வருமானம் போச்சு. அவர்களிடம் "உனக்கு நல்ல எக்ஸ்போஷர்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்கை விஷயத்தில் என் அனுபவம் குறைவு. பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகள் கலைஞர்களுக்கு நல்கை தருகின்றன. வாங்கிய நண்பர்கள் நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள். நான் வாங்கியதில்லை. எழுத்து வேலை அதிகம், முடிவு தெரியக் காத்திருக்க வேண்டும், தவணையில் வரும். தனியாக ஆய்வு செய்கிறவருக்கு அந்தக் காத்திருப்பு தாங்கும். இருபது வயதுப் பிள்ளைகளின் நடனக் குழு தாங்காது. ஒருவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைக்கும், ஒருத்திக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள், இன்னொருவன் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். விண்ணப்பத்தில் எழுதிய குழு வேறு, பணம் வரும்போது இருக்கும் குழு வேறு என்றாகிவிடும்.

பெரிய நிறுவனம் ஒன்றே முன்வந்தால் கதை வேறு. பாரிஸ் ஓபரா தன் இணையத் தளத்துக்காக 2017இல் கிளெமென்ட் கோஜிதோர் என்ற இயக்குநரை வைத்து ஒரு சின்னப் படம் எடுத்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ 1735இல் எழுதிய ஓபராவின் ஒரு பகுதிக்கு க்ரம்ப் ஆட்டக்காரர்கள் ஆடுகிறார்கள். இரண்டே வருடத்தில், 2019இல், அந்த ஓபரா முழுவதையும் அதே இயக்குநர் தெரு நடனக்காரர்களோடு பாரிஸ் ஓபராவின் பாஸ்டில் மேடையில் ஏற்றினார். அங்கே பணம் கொடுத்தவர்களிடமே மேடையும் இருந்தது. மயிலாப்பூர் சபாக்களில் அப்படி ஒரு கதவைத் தட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

அடுத்து பிராண்டு. பணம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். அதை மறைக்க முடியாது. பெர்லினின் ஃப்ளையிங் ஸ்டெப்ஸ் குழு 2010இல் ஜெர்மன் இசைமேதை பாஹ்கின் இசைக்குப் பிரேக்கிங் ஆடி மேடையேற்றிய நிகழ்ச்சி பல நாடுகளுக்குப் போனது. பின்னால் இருந்தது ரெட் புல். நிகழ்ச்சியின் பெயரே 'ரெட் புல் ஃப்ளையிங் பாஹ்க்'. பாஹ்குக்கு முன்னால் குளிர்பானம் நிற்கிறது. அதனால் ஆட்டம் கெட்டுப்போனது என்று சொல்லமாட்டேன், நன்றாகவே ஆடியிருக்கிறார்கள். தலைப்பில் பெயர் வருவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் வருவதுதான் என்னை யோசிக்க வைத்தது.

எங்களிடம் பேசிய நிறுவனத்தின் வரைவு ஒப்பந்தத்தில் 'எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி இல்லாவிட்டாலும் கதை அதேதான் என்று பிறகு வழக்கறிஞர் நண்பர் விளக்கினார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு எடுக்கப்படும் படத்துக்கு, மாற்றாக ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், முதல் உரிமையாளர் அவர்தான். நீங்கள் எடுத்தீர்கள், பிள்ளைகள் ஆடினார்கள், படம் மட்டும் காசு கொடுத்தவருடையது. நாளைக்கு அதிலிருந்து பத்து விநாடி வெட்டி விளம்பரத்துக்கு வைத்தால் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் கழித்து அதில் ஆடிய பையனே தன் பயிற்சி வகுப்புக்காக அதே காட்சியைப் போட்டால், அவனுக்கு நோட்டீஸ் வரலாம். ஒரு வருட உரிமம் மட்டும் தருகிறோம், படம் எங்களிடம் இருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தோம். அதோடு போன் வருவது நின்றுவிட்டது.

நான்கு வழிகளையும் நான் எடைபோட்டது இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான்: படம் முடிந்த மறுநாள் அது யாருடையது? கேமரா வாடகை, எடிட்டிங் எல்லாம் எப்படியும் சமாளித்துவிடலாம். உரிமையைக் கொடுத்துவிட்டால் திரும்பி வராது.

பொதுமக்களிடம் திரட்டுவதில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். கொடுப்பவருக்குப் படத்தில் பங்கு கிடையாது. இணையத்தில் பொதுமக்களிடம் பங்கு விற்று இப்படிப் பணம் திரட்டுவதைப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி இங்கே அனுமதிக்கவும் இல்லை. டைட்டிலில் பெயர், போஸ்டர், முதல் காட்சிக்கு அழைப்பு, அவ்வளவுதான். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து மாதிரிதான் இதுவும். என்ன, இங்கே பணத்தைத் திருப்பி எழுத வேண்டாம், படத்தைக் காட்டினால் போதும். நமக்குப் புதிய வழியும் அல்ல. ஐந்து லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த 'மந்தன்' என்ற இந்திப் படம் 1976இல் வந்தது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடெஸா திரைப்படக் குழு நண்பர்களும் மக்களிடம் காசு திரட்டிப் படம் எடுத்தார்கள்.

வேலை? நாய்படாத பாடு. முதலில் வரும் பணம் உங்கள் சொந்தக்காரர்கள், கல்லூரி நண்பர்களுடையது. அது தீர்ந்ததும் ஒரு தேக்கம் வரும். எங்கள் பிள்ளைகள் பெசன்ட் நகர் கடற்கரையில் ஆடி, பக்கத்தில் க்யூஆர் கோடு அட்டையை வைத்ததும்தான் மறுபடி நகர்ந்தது. தளத்துக்கான கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம் போகக் கையில் வருவதைத்தான் பட்ஜெட் என்று எண்ண வேண்டும். வெளிநாட்டுத் தமிழர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: இந்தியக் குடிமகனாகவே துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை, கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம். ஆடிட்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இன்னொரு தொல்லை, பரிதாபம். 'குப்பத்துப் பிள்ளைகள் கர்நாடக இசைக்கு ஆடுகிறார்கள், கைகொடுங்கள்' என்று எழுதினால் பணம் வேகமாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்திருக்கும்தான். குழுவில் ஒரு பெண், "நாங்க ஆடறதுக்குக் காசு கேக்கறோம், இல்லாததுக்கு இல்ல" என்றாள். அந்த வாசகங்களை எடுத்துவிட்டோம். பிராண்டுக்காரர்கள் கேட்டதும் ஏறக்குறைய அதே பரிதாபக் கதையைத்தான்.

குறைந்த பணத்தில் எடுப்பவர்கள் இசை உரிமையில் ஏமாந்துவிடக் கூடாது. சுவாதித் திருநாள் மறைந்தது 1846இல், தியாகராஜர் 1847இல். அவர்கள் பாடல்களுக்கு யாருக்கும் காசு கட்ட வேண்டாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். படைத்தவர் மறைந்து அறுபது ஆண்டு என்ற கணக்கில் அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. லால்குடி ஜெயராமனின் தில்லானாக்கள் என்றால் 2073. பாட்டு பழையது என்பதால் ஒலிப்பதிவும் சும்மா கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அதற்கும் வெளியான ஆண்டு தாண்டி அறுபது ஆண்டுக் கணக்கு தனியாக ஓடுகிறது. நாங்கள் வயலின், மிருதங்கம், பாட்டு என்று மூவரை வைத்துப் புதிதாகப் பதிவு செய்தோம். திரட்டிய பணத்தில் பெரிய செலவு அதுதான்.

ஆடியவர்கள் பங்குக்கு வருவோம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் ஆட எழுத்தில் சம்மதித்த கலைஞருக்கும் அவர் நிகழ்த்தியது வணிகமாகப் பயன்பட்டால் ராயல்டி உரிமை உண்டு. இதில் ஒரு நுணுக்கம்: போகிற போக்கில் வந்து போகிறவர், டைட்டிலிலும் பெயர் இல்லாதவர் என்றால், அவரைப் பெரும்பாலான உரிமைகளுக்குக் கலைஞராகவே சட்டம் கணக்கில் எடுக்காது. ஆகவே கடைசி வரிசையில் ஒரே ஒரு சுற்று சுற்றியவன் பெயரும் எங்கள் டைட்டிலில் இருக்கிறது. வருமானம் எது வந்தாலும் சரிபாதி குழுவுக்கு என்று தனித் தாளில் எழுதிக்கொண்டோம். பதினெட்டு முடியாதவர்களின் கையெழுத்து செல்லாது என்பதால் பெற்றோரும் போட்டார்கள். பதினான்குக்குக் கீழே யாராவது ஆடினால் மாவட்ட ஆட்சியர் அனுமதி, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வரம்பு, சம்பளத்தில் குறைந்தது இருபது சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்பு என்று விதிகள் இருக்கின்றன. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

பொதுமக்கள் பணம் எவ்வளவு பெரிய படத்தைத் தாங்கும் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது குறும்படம் வரைதான். ஒன்றரை மணி நேர ஆவணப்படத்துக்கு இதே வழியில் ஓட முடியும் என்று நம்பிக்கையாகச் சொல்ல மாட்டேன். அங்கே நல்கையும் கலந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். பிராண்டுப் பணம் அடியோடு வேண்டாம் என்பதும் என் கட்சி அல்ல. படம் முடிந்து உரிமை உங்கள் பெயரில் பதிந்த பிறகு வரட்டும். அப்போது அவர்களுக்குத் தருவது உரிமம் மட்டும்: எத்தனை மாதம், எந்தத் தளம், வெட்டலாமா கூடாதா என்று எழுதி வாங்கிக்கொண்டு. இப்போது ஒரு காலணி நிறுவனம் ஆறு மாதத்துக்கு இணையத்தில் மட்டும் என்று கேட்டிருக்கிறது. தொகை இன்னும் படியவில்லை.