தானியா மரியாவா, எலியான் எலியாஸா?

பிரேசில் ஜாஸில் பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிறவர்கள் என்றால் முதலில் சொல்ல வேண்டியவர்கள் இந்த இருவர்தான்.

எலியாஸ் 1960இல் சாவோ பாவ்லோவில் பிறந்தவர். 1981இல் நியூயார்க் போனார், ஸ்டெப்ஸ் அஹெட் என்ற ஜாஸ் குழுவில் வாசித்தார். பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் பாடல்களை 1990இல் பெரும்பாலும் பியானோவிலேயே பேச வைத்தார். 1998இல் அவற்றைப் பாடியும் ஒரு தொகுப்பு போட்டார். 2016இலும் 2022இலும் கிராமி. பின்னது, பியானோ கலைஞர்கள் சிக் கொரியா, சூச்சோ வால்தேஸோடு இரட்டைப் பியானோவாக வாசித்த தொகுப்புக்கு. குரல் மென்மை, பதறாது. விரல்கள்தான் என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய சொத்து.

தானியா மரியா வேறு ரகம். 1948இல் சாவோ லூயிஸில் பிறந்து, சட்டம் படித்து, 1970களில் பாரிஸ் போய், பிறகு அமெரிக்காவில் கான்கார்ட் இசை நிறுவனத்தின் வெளியீடுகளால் பெயர் வாங்கியவர். வலது கை ஓடும் சுரங்களை வாயும் அதே வேகத்தில் சொல்லும். எது விரல், எது குரல் என்று பிரிக்க முடியாது. விருதுக் கணக்கில் எலியாஸ்தான் முன்னே. சரி, இருக்கட்டும். மேடைத் துள்ளலுக்கு என் ஓட்டு தானியாவுக்கே.

புதிதாகக் கேட்பவர்கள் தானியாவின் 1983 தொகுப்பு ‘கம் வித் மீ’யில் தொடங்கலாம். எலியாஸ் என்றால் அந்த 1990 ஜோபிம் தொகுப்பு.