பச்சைக் கோடுகளை நம்பிக் கட்டிய 180,000 ரூபா

யாழ்ப்பாணத்தில் ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் விற்கிறவன் நான். கடை திருநெல்வேலியில். ஆனால் பாதி வியாபாரம் வெப்சைற்றில்தான் நடக்கிறது. கனடா, லண்டனில் இருந்து வந்து நிற்கிறவர்கள், திரும்பிப் போவதற்கு முதல் போனிலேயே ஆர்டர் போட்டு வீட்டுக்கு எடுப்பிப்பார்கள். அந்த வெப்சைற்றை வைத்து ஓட்டுகிற கம்பியூட்டரை, அதாவது சேர்வரை, வாடகைக்கு எடுக்கப் போய் ஏமாந்ததைத்தான் எழுதுகிறேன். விற்ற ஆளின் பெயர் போடவில்லை.

ரவுணுக்குள் ஒரு மேல்மாடி அறை. ஏசி, பெரிய திரை. “அண்ணை, உங்களுக்கென்று தனி வி.பி.எஸ், பெரிய சேர்வரை வெட்டி ஒருத்தருக்கென்று ஒதுக்கின தனி அறை மாதிரி. நாலு கோர், எட்டு ஜீபி ராம். வேறு ஒருத்தரும் பங்கில்லை” என்றார். வருடத்துக்கு 180,000 ரூபா. சேர்வரை ஆளுகிற பக்கமான கொன்சோலைத் திரையில் திறந்து காட்டினார். பச்சைக் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சிபியு, ஒன்று ராம், மற்றது நெற்வேர்க் என்றார். ஈசிஜி எடுத்துக்கொண்டு டொக்டர் முன்னால் இருக்கிற நோயாளி மாதிரி நானும் தலையாட்டிவிட்டு, ஒரு வருடக் காசை ஒரேயடியாகக் கட்டினேன். “எனக்கு இது வராதா?” என்று கேட்டதற்கு, “வரும் அண்ணை, அனுப்பிவிடுறன்” என்றார். வீட்டுக்கு வந்தது ஒரு இலிங்க்கும் பாஸ்வேர்டும். திறந்தால் சின்னச் சின்னப் படங்களாக நிறைய இருந்தது. கோடுகளைக் காணவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் என் பிழை.

நல்லூர்த் திருவிழாவில் சப்பறத்தன்று இரவு சைற் விழுந்தது. தேர், தீர்த்தம் முடிந்ததும் பிளேன் ஏறுகிற ஆட்கள் ஆர்டர் போடுகிற நேரம் அது. திரையில் 508 என்ற இலக்கமும், வளங்களின் எல்லை முடிந்துவிட்டது என்கிற ஆங்கில வரியும். போன் எடுத்தேன். “நல்லூர்ச் சனத்தால் இன்ரநெற் ஸ்லோ அண்ணை” என்றார். சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று சொல்லி விற்றதும் அவர்தான்! நல்லூரில் சனம் கூடினால் சிங்கப்பூரில் ஏன் மூச்சு முட்டவேண்டும்?

அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்து நின்றான். இலிங்க்கைப் பார்த்தவுடன் சிரித்தான். “மாமா, கடைசியில 2083 என்று நிக்குது. இது சீபனல். சேர்வரில ஒரு கணக்கு வைச்சிருக்கிறவனுக்குக் குடுக்கிற பக்கம். முழுச் சேர்வரையும் ஆளுகிற டபிள்யூ.எச்.எம் 2087 இல இருக்கும். அதிலயும் இடத்தை வாங்கிப் பிரிச்சு விக்கிற ரிசெல்லர் கணக்கு என்றால் அரைவாசி அதிகாரம்தான்.” பிறகு பக்கவாட்டுப் பட்டியைக் காட்டினான். சேர்வரின் இலக்க விலாசமான ஐபி முகவரிக்கு நேரே ‘ஷெயார்ட்’, அதாவது பங்கு, என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ராம் எல்லை 1 ஜீபி. ‘என்ட்ரி புரொசெஸ்’ எல்லை 20. அதாவது, பக்கத்தைத் திறக்கச் சொல்லும் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் இருபது உள்ளே நின்றால், அடுத்து வருகிறவனுக்கு 508. தனி வி.பி.எஸ் எடுத்தவனுக்கு இப்படி ஒரு கூண்டு இருக்காது. பலபேர் குடியிருக்கிற பங்குச் சேர்வரில், ஒருத்தன் மற்றவன் பங்கைத் தின்னாமல் இருக்கப் போடுகிற எல்லை அது. உண்மை ஒரு வருடமாக என் கண்ணுக்கு முன்னால் எழுதிக் கிடந்திருக்கிறது.

“அண்டைக்குக் காட்டின திரையில மேல என்ன பெயர் இருந்தது மாமா?” என்று கேட்டான். நான் பார்க்கவில்லை. யாருடைய சேர்வரின் கோடுகளோ அவை.

அடுத்த பிழையையும் நானே விட்டேன். கோபத்தில் அன்றிரவே போன் எடுத்து ஏசினேன். காலையில் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. சைற்றும் இல்லை. ஆறு நாள் இழுத்து, ‘மாற்றுக் கட்டணம்’ என்று 25,000 ரூபா வாங்கிக்கொண்டுதான் திறந்துவிட்டார். சண்டை பிடிக்க முதல் பக்கப், அதாவது சைற்றின் பிரதி, எடுங்கள், தயவுசெய்து. சீபனலிலேயே முழுக் கணக்கையும் ஒரே கோப்பாக இறக்கலாம். ஆனால் அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்ற டபிள்யூ.எச்.எம் அதிகாரம் உள்ள ஒருத்தர் வேண்டும். அதனால் ஹோம் கோப்புறையையும் டேற்றாபேஸையும் தனித்தனியாகவும் இறக்கிக் கம்பியூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதெல்லாம் ஆறாம் நாள்தான் தெரிந்தது.

இப்போது வி.பி.எஸ் என் பெயரில், என் கார்ட்டில். மருமகன் இரண்டு மணித்தியாலத்தில் போட்டுத் தந்தான். நிறுத்திப் போடுகிற பொத்தான், சேர்வரை அப்படியே பிரதி எடுத்து வைக்கிற ஸ்னாப்சொட், சேர்வர் வெளியில் இருந்து பதில் சொல்லாவிட்டாலும் பிரவுசருக்குள்ளேயே திறக்கிற கறுப்புத் திரை எல்லாம் என் கொன்சோலில் இருக்கின்றன. கோடுகளும் இருக்கின்றன, மேலே என் கடையின் பெயரோடு. முதன்மைக் கணக்குக்குள் போக, பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கிற இரண்டாவது இலக்கம் என் போனுக்குத்தான் வரும். மருமகனுக்குத் தனிப் பயனர்: பார்க்கலாம், மறுதொடக்கம் செய்யலாம், அழிக்க முடியாது, பில்லைத் தொட முடியாது. சொந்தப் பிள்ளை மாதிரித்தான், ஆனாலும் அவனே அப்படித்தான் செய்யச் சொன்னான். அமேசானின் சேர்வர் வாடகைச் சேவையில் இந்த முதன்மைக் கணக்குக்கு ரூட் என்று பெயர். அன்றாட வேலைக்கு அதைத் தொடவேண்டாம், ஆட்களுக்குத் தனித்தனியாகப் பயனர் உருவாக்கிக் கொடுங்கள் என்று அமேசானே சொல்கிறதாம்.

உங்களுக்கும் யாராவது ‘தனிச் சேர்வர்’ விற்றிருந்தால், இன்றைக்கே ஒருக்கால் உள்ளே போய் அந்தப் பக்கவாட்டுப் பட்டியைப் பாருங்கள். ஷெயார்ட் ஹோஸ்ரிங் கூடாது என்று சொல்லவில்லை. என் கடைக்கு ஆடி, ஆவணி தவிர்த்த மாதங்களில் அதுவே போதும். ஆனால் அதற்குரிய விலை 180,000 இல்லை.

வெப்சைற்றின் பெயரான டொமைன் இன்னும் அந்த விற்ற ஆளின் கணக்கில்தான் கிடக்கிறது. மாற்றித் தரச் சொன்னால் “அடுத்த கிழமை அண்ணை” என்கிறார். தை மாதம் அதைப் புதுப்பிக்கவேண்டும். அதை நினைவூட்டுகிற மின்னஞ்சலும் அவருக்குத்தான் போகும்.