ஸ்டைரனின் ‘டார்க்னெஸ் விசிபிள்’: யாருக்கு, எப்படி வாசிக்க?

1985 அக்டோபர், பாரிஸ். பெரிய இலக்கியப் பரிசு ஒன்றை வாங்க வந்த அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன், அதே இரவில் 25,000 டாலர் காசோலையைத் தொலைத்துவிடுகிறார். பிறகு அது கிடைத்துவிட்டது. இந்தப் பரிசுக்குத் தகுதியில்லை என்ற எண்ணம்தான் அதைத் தொலைக்க வைத்ததோ என்று அவரே கேட்டுக்கொள்கிறார். மனச்சோர்வு தன்மதிப்பை அரிப்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பக்கங்கள் அரிது.

தன் மனச்சோர்வைப் பற்றி ஸ்டைரனே எழுதி 1990இல் வந்த நூல் ‘டார்க்னெஸ் விசிபிள்’. முதற்பதிப்பு 84 பக்கம்தான், ஆனால் வாக்கியங்கள் நீளமானவை. ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். ‘டிப்ரெஷன்’ என்ற சொல் இந்த நோய்க்கு மிகச் சப்பையானது என்று ஸ்டைரன் கோபப்படுகிறார். பொருளாதார மந்தத்துக்கும் தரையிலுள்ள பள்ளத்துக்கும் அதே சொல்தானே! நம் ‘சோர்வு’க்கும் இந்தக் குறை உண்டு. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று வீட்டார் சொல்வதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

சிகிச்சையில் எங்கே பிசகியது என்பதுதான் நூலின் சாரமான பகுதி. நாற்பது ஆண்டுகள் துணையிருந்த மது, 1985 கோடையில் திடீரென உடம்புக்கு ஒவ்வாமல் போகிறது. அது மூடி வைத்திருந்த பதற்றம் வெளியே வருகிறது. தூக்கத்துக்கு டிரையசோலம் மாத்திரை. அதை அளவுக்கு மீறி எடுத்ததும் நிலையை மோசமாக்கியது என்கிறார் (பிரிட்டனில் 1991இல் அம்மருந்தின் விற்பனையை நிறுத்தினார்கள்). மனச்சோர்வுக்குத் தந்த மாப்ரோடிலின் என்ற மருந்து பதற்றத்தைக் கூட்டி, சிறுநீரை அடைத்தது. மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்ய வாரக்கணக்காகும். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறும் அந்த இடைவெளியில்தான் அவர் மேலும் ஆழத்துக்குப் போனார். மருத்துவமனையில் சேர்ந்தால் களங்கம் என்று மருத்துவரே தடுத்ததுதான் மிகப் பெரிய தவறு. கடைசியில் சேர்ந்து, ஏறக்குறைய ஏழு வாரம் தங்கித்தான் மீண்டார்.

நோயின் கடிகாரத்தையும் கவனியுங்கள். கடும் மனச்சோர்வில் பலருக்குக் காலைதான் கொடுமை. இவருக்குக் காலை ஓரளவு ஓடும். பிற்பகல் மூன்று மணியளவில் இருள் கவியும். காலையில் நன்றாகப் பேசினாரே என்று ஏமாறும் குடும்பங்களுக்கு இந்த ஒரு தகவலே போதும்.

குறைகளும் உண்டு. குழு சிகிச்சையையும் கலை சிகிச்சையையும் கிட்டத்தட்டக் கேலி செய்கிறார். அதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்துத் தகவல்கள் 1980களுக்கு உரியவை, இன்றைய சிகிச்சைக்கு வழிகாட்டியல்ல. முடிவு விண்மீன்களின் வெளிச்சத்தோடு அமைவதால் நோய் ஒரேயடியாகத் தொலைந்தது போலத் தோன்றும். உண்மையில் 2000இல் அது அவரிடம் கடுமையாகத் திரும்பியது. 2006இல் நிமோனியாவால் இறந்தார். இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் நூலின் மதிப்பு குறையாது. இந்நோய் திரும்பி வரக்கூடியது, தொடர் கண்காணிப்பு வேண்டும் என்பது புரியும்.

பராமரிப்பவர்களுக்கும், ஓரளவு தேறியவர்களுக்கும் தயங்காமல் கொடுக்கலாம். உச்சத்தில் தவிப்பவருக்கு இப்போது வேண்டாம்: தற்கொலை செய்துகொண்ட எழுத்தாளர்களைப் பற்றிய பக்கங்கள் அவரைக் காயப்படுத்தலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.