நூறு வருடக் கம்பளமா, அறுபது வருடக் கம்பளமா, கிலிமா?

கூடத்தில் விரிக்க ஒரு பழைய கம்பளம் வேண்டும் என்று தேடக் கிளம்பி, கடைசியில் மூன்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒன்று நூறு வயதைத் தாண்டிய காக்கேசியக் கம்பளம், கசாக் வகை. இன்னொன்று சுமார் அறுபது வருடம் ஆன ஈரானிய ஹெரிஸ், நடுவில் நன்றாகவே தேய்ந்தது. மூன்றாவது ஒரு துருக்கி கிலிம், முடிச்சுப் போடாமல் தட்டையாக நெய்த விரிப்பு. வாங்கியது ஹெரிஸை. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், அதனால் நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஆன்டிக், விண்டேஜ் குழப்பம். நூறு வருடம் தாண்டினால் ஆன்டிக், அதற்குக் கீழே இருபது முப்பது வருடம் வரை விண்டேஜ் என்பது பொதுவான வியாபார வழக்கு. பெரும்பாலான கம்பளங்களில் தேதி நெய்திருக்காது. நெய்திருந்தாலும் ஒரு எண்ணின் முடிச்சுகளைப் பிரித்து மாற்றிக் கட்டி வயதைக் கூட்டுகிற வேலை ரொம்பப் பழசு. தொண்ணூறுக்கும் நூற்றுப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் விலைச்சீட்டில்தான் பெரிதாகத் தெரியும், காலுக்குத் தெரியாது. அறை அளவு, சோபா நிறம் பற்றியெல்லாம் நான் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய பேப்பரை அதே அளவுக்குத் தரையில் ஒட்டிப் பார்த்தால் போதும்.

கிலிமைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அதில் முடிச்சே கிடையாது, ஜமக்காளம் மாதிரி பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) மட்டும்தான். தூசி ஒளிய இடமில்லை, தூக்கி உதறலாம், பெரும்பாலும் இரண்டு பக்கமும் விரிக்கலாம். ஆனால் நிறைய கிலிம்களில் இரண்டு நிறம் நெடுக்குவாட்டில் சந்திக்கும் இடத்தில் சின்னச் சின்னப் பிளவு விட்டு நெய்திருப்பார்கள், அந்த நெசவின் அழகே அதுதான், நாற்காலிக் கால் போய் மாட்டுவதும் அதிலேதான். அடியில் வழுக்காத விரிப்பு இல்லாமல் போட்டால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். முன்பு படுக்கையறையில் இரண்டு வருடம் ஒன்று வைத்திருந்தேன், அங்கே சரியாக இருந்தது. ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள கூடத்துக்கு எனக்கு ஒத்துவராது.

கசாக்கைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அவுரி நீலமும் மஞ்சிட்டி இனத்து வேரில் எடுத்த சிவப்பும், அந்தச் சிவப்புக்குள்ளேயே வரிவரியாக மாறுகிற சாயல்களும். ஒரு தடவை சாயம் தோய்த்த நூல் தீர்ந்து அடுத்த தடவை தோய்த்தது சற்றே வேறாக வருவதால் ஏற்படுவது இது, அப்ரஷ் என்பார்கள், குறையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 1856ல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு, அடுத்த சில பத்தாண்டுகளில் மலிவான சாயங்கள் கம்பளங்களிலும் புகுந்தன. ஆரம்பகாலச் சாயங்களில் பல வெளிறி ஒருமாதிரி சாம்பலாகிவிடும். அதனால் வயசு அதிகம் என்பதாலேயே சாயம் நல்லது என்று நினைக்க வேண்டாம், மேல் கம்பளியை விலக்கி அடிவேரில் என்ன நிறம், நுனியில் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். இந்தக் கசாக்கில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாக இறங்கியிருந்தன. கறுப்புக்குச் சேர்க்கும் இரும்புச் சத்து காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும், அதனால் மற்ற நிறங்கள் புடைத்து நிற்கும், செதுக்கியது போல.

அப்புறம் ஏன் வாங்கவில்லை? பாவும் ஊடையும்தான் காரணம். பழைய கம்பளத்தில் நான் வேறு எதற்கும் இவ்வளவு மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

மேலே நிற்கும் கம்பளி தேய்ந்தால் முடிச்சை மறுபடி கட்டலாம், அல்லது தேய்ந்ததோடேயே வாழலாம். பாவு இற்றுப்போனால் முடிச்சுக் கட்டவே இடம் இல்லை. ஈரானின் புகழ்பெற்ற அர்தபில் கம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1539-40ல் முடிந்தது, லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஒரு ஜோடி. 19ம் நூற்றாண்டில் அதன் சேதத்தைச் சரிசெய்ய ஜோடிக் கம்பளத்திலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டுப்போட்டார்கள், அந்த இன்னொன்று இன்று கரையே இல்லாமல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அர்தபிலுக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டுக் கம்பளத்துக்கு யார் ஜோடியை வெட்டித் தரப்போகிறார்கள்?

பருத்திப் பாவின் எதிரி ஈரம். பூத்தொட்டியை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் போதும். ஒரு விற்பனையாளர் எனக்கு ஒரு கம்பளத்தைக் காட்டினார், மேல் கம்பளி புசுபுசுவென்று புதுசு மாதிரி. மூலையை மெதுவாக மடித்துக் காதருகில் கொண்டுபோனேன். காய்ந்த சருகை மிதித்த சத்தம். திருப்பிப் பார்த்தால் முதுகில் வட்டமாக ஒரு கறை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. நன்றாக இருக்கும் கம்பளம் எந்தப் பக்கம் மடித்தாலும் சத்தமில்லாமல் துணிபோல வளையும்.

கசாக்கின் அடித்தளம் அப்படி இற்றதில்லை, நன்றாகவே வளைந்தது. ஆனால் பல காக்கேசியக் கம்பளங்களைப் போல அதில் பாவு, ஊடை எல்லாமே கம்பளி. ஹெரிஸில் பாவும் ஊடையும் கனமான பருத்தி. இது அவ்வளவு முக்கியமா என்று அப்போது யோசித்தேன், பதில் இரண்டாம் வருடம் வந்தது. சோபாவுக்கு அடியில் ஆறு மாதமாக யாரும் கை வைக்காத இருட்டில் அந்துப்பூச்சி. புழு தின்பது கம்பளியிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தை, பருத்தி அதற்கு உணவு இல்லை. உள்ளங்கை அளவுக்கு மேற்புறக் கம்பளி போய்விட்டது, அடியில் பருத்திக் கட்டம் அப்படியே இருந்தது. அதே இடத்தில் கசாக் இருந்திருந்தால் அடித்தளத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும், ஓட்டைதான் மிச்சம். (சின்ன விரிப்பாக இருந்தால் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறையவிட்டுப் புழுவைக் கொல்லலாம். என் கம்பளம் எந்தப் பெட்டிக்குள்ளும் நுழையாது, அதனால் முன்னும் பின்னுமாக வாக்குவம் போட்டு, வெளியே ஆளை வைத்துக் கழுவி வாங்கினேன். இப்போது சோபாவை அடிக்கடி நகர்த்துகிறேன்.)

ஹெரிஸுக்கு இன்னொரு வசதி, அதன் முடிச்சுகள் கரடுமுரடானவை. சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. ஈரானின் நாயின், இஸ்ஃபஹான் நகரங்களின் நெசவுகளில் நல்லவை நூற்றுக்கணக்கில் போகும், ஹெரிஸ் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் செருப்புக் காலும் நாற்காலியும் முடிச்சை எண்ணுவதில்லை, பருத்த நூலும் இறுக்கமான நெசவும் இருந்தால் தாங்குகிறது. பழுது பார்ப்பதும் அந்த அளவுக்குச் சுலபம். பக்கவாட்டுக் கரை பிரிந்தபோது தெரிந்த ஒருவர் ஒரே மதியத்தில் சுற்றித் தைத்துக் கொடுத்துவிட்டார். மெல்லிய முடிச்சில் அதே வேலை என்றால் நாள்கணக்கில் இழுக்கும்.

வாங்கும்போது ஹெரிஸின் நடுவில் தேய்ந்த இடங்களில் வெள்ளைப் பாவு புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. விற்றவர் அதற்கு மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசினார், எனக்கோ அதுதான் நிம்மதி. தேய்ந்த இடத்தை மை தீற்றி மறைப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. 1920களில் அமெரிக்காவுக்குப் போன ஈரானிய சரூக் வகைக் கம்பளங்களில் பலவற்றை வெளுத்து, அந்த ஊர் ரசனைக்கேற்ப அடர்சிவப்பைத் தூரிகையால் பூசினார்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து தேய்த்துப் பாருங்கள், துணி சிவந்தால் கிளம்பிவிடலாம்.

பழைய கம்பளத்தைச் சுரண்டி வெளுத்து ஒரே நிறத்தில் முக்கி எடுத்தவற்றையும் பார்த்தேன். படத்தில் அழகு. ஆனால் இவ்வளவு வதைபட்ட கம்பளியில் எவ்வளவு உயிர் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம், விட்டுவிட்டேன். முதுகில் துணியைப் பசையால் ஒட்டியவை இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது, பசை பொடிந்தால் கதை முடிந்தது. பட்டுக் கம்பளத்தோடு நான் வாழ்ந்ததில்லை, அதைப் பற்றிப் பேசமாட்டேன். மறுவிற்பனையும் அப்படியே. இதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை, ஆன்டிக்தான் மதிப்புக் குறையாது என்று சொல்கிறவர்களை நான் மறுக்கப்போவதும் இல்லை.

வெயில் மட்டும் மூன்றுக்கும் பொது எதிரி. அர்தபிலுக்கு அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள். நம்மால் அது முடியாது, திரைச்சீலையும், வருடத்துக்கு ஒருமுறை கம்பளத்தைச் சுற்றித் திருப்பிப் போடுவதும்தான் நம் கையில் இருக்கிறது.

பூச்சி தின்ற இடத்துக்கு இன்னும் முடிச்சுப் போடவில்லை. சோபாவுக்கு அடியில்தானே இருக்கிறது என்று தள்ளிக்கொண்டே போகிறேன். கசாக்கை விட்டதில் வருத்தம் இல்லையா என்றால் இருக்கிறது, அந்தச் சிவப்பு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மாட்ட ஒரு பெரிய சுவர் காலியாக இருந்திருந்தால் யோசிக்காமல் அதைத்தான் தூக்கி வந்திருப்பேன்.