ரேயோஸ்: பத்து மேசை உணவகம்

நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 1896 முதல் இயங்கிவரும் ரேயோஸ் என்னும் இத்தாலிய உணவகத்தில், வெளியார் மேசை கேட்டுப் பெறுவது ஏறக்குறைய நடவாத காரியம். அங்கிருப்பவை பத்தே பத்து மேசைகள்; ஓர் இரவுக்கு ஒரே பந்தி. அந்தப் பத்தும், வாரத்தின் இன்ன நாள் இன்னாருக்கு என்று பழைய வாடிக்கையாளர்களுக்குப் பல்லாண்டுகளாகவே ஒதுக்கப்பட்டுவிட்டதால், அவை பரம்பரைச் சொத்தைப் போலப் பேணப்படுகின்றன. கேட்டவர்க்கெல்லாம் மறுப்பே சொல்லிவந்த உரிமையாளர்களுள் ஒருவரான ஃபிராங்க் பெலெக்ரினோவுக்கு ‘ஃபிராங்கி நோ’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. சொல்லப்போனால், அந்த நேரடி மறுப்பைவிட நேர்மையான முன்பதிவுச் சேவை வேறில்லை. மேசை ஒதுக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒருவர் தம் இரவை நண்பருக்கு விட்டுக்கொடுத்தாலோ, அறப்பணி நிதிக்கான ஏலத்தில் அது விலைக்கு வந்தாலோதான் புதியவருக்கு வழி பிறக்கும்.

எலுமிச்சைக் கோழியும் இறைச்சி உருண்டையும் அங்கே பெயர்பெற்றவை. ஆயினும் அவை தென் இத்தாலியக் குடும்பங்களின் எளிய வீட்டுச் சமையல் வழிவந்தவையே. ஆண்டுக்கணக்கில் தவம் கிடப்பதற்கு உரியவை அல்ல என்பதே என் கருத்து. சுவையை மட்டும் அறிய விரும்புவோர், அவ்வுணவகத்தின் பெயரில் புட்டியில் விற்கப்படும் தக்காளி சாஸை அமெரிக்க மளிகைக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு எவருடைய பரிந்துரையும் தேவையில்லை.