கிட் கிட்டாரா, உதிரிப் பாகக் கிட்டாரா?

வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய இரண்டு வழி. எல்லாம் ஒரே பெட்டியில் வரும் கிட்டை வாங்கலாம். அல்லது பாடி (உடல்) ஓரிடம், நெக் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்து) ஓரிடம், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வேறோரிடம் என்று ஆர்டர் போட்டுச் சேர்க்கலாம். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் எழுபதுகளில் செய்தது இரண்டாவது: மலிவாகக் கிடைத்த பாடியில் வேறொரு நெக்கை முடுக்கி, கிப்சன் நிறுவனத்தின் ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்) சாய்த்துப் பொருத்தினார். நான் இரண்டையும் ஒவ்வொரு முறை செய்துவிட்டேன். கையில் எடுத்து வாசிப்பது இரண்டாவதைத்தான்.

கிட்டின் வசதி, அளவுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதே. துளைகள் போட்டே வரும். பல கிட்டுகளில் ஒயரைச் செருகினால் போதும், சால்டரிங்கே வேண்டாம். மொத்தச் செலவும் குறைவு. கோளாறெல்லாம் நெக்கில்தான். ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முனைகள் விரலைக் கீறும், உயரமும் ஒன்றுபோல் இருக்காது. எனக்கு வந்ததில் 14ஆவது ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருந்தது. 13இல் அழுத்தினாலும் 14இன் சுரம்தான் கேட்டது. பாடியில் இன்னொரு வம்பு: பெரும்பாலும் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசியே அனுப்புகிறார்கள். மரச்சாயம் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். கெட்டியான பெயின்ட் அடிப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

உதிரியாக வாங்கினால் நல்ல நெக்கை நாமே தேர்ந்தெடுக்கலாம். பதிலுக்கு, அளவுகள் பொருந்துவது நம் பொறுப்பு. ஃபெண்டர் பாணி நெக்கின் அடிப்பக்கம் சுமார் 56 மி.மீ. அகலம். ஆனால் ஃபெண்டரின் இரு மாடல்களில், டெலிகாஸ்டர் நெக்கின் முனை நேராகவும் ஸ்ட்ராட்டோகாஸ்டருடையது வளைந்தும் இருக்கும். அகலம் சரி என்பதற்காக மாற்றி வாங்கினால் உட்காராது. ட்யூனர் (தந்தியை முறுக்கும் திருகாணி) துளையும் அப்படித்தான். இப்போதைய ட்யூனர்களுக்கு 10 மி.மீ., பழைய பாணிக்கு அதைவிடச் சின்னது. வால்யூம் கன்ட்ரோலுக்கு, சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் 250கே (கிலோ ஓம்), ஹம்பக்கர் என்றால் 500கே என்பது வழக்கம். அப்புறம் ஸ்பிரிங், ஜாக் தட்டு, வார் மாட்டும் குமிழ் என்று சில்லறைச் சாமான்கள். பட்ஜெட்டைத் தின்பது இவைதான்.

துளை போடாத பாடி என்றால் பிரிட்ஜ் (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) வைக்கும் வேலையில் மட்டும் அவசரமே கூடாது. 648 மி.மீ. ஸ்கேலில் (தந்தி அதிரும் நீளம்) நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் பட்டை) 12ஆவது ஃப்ரெட் 324 மி.மீ. அங்கிருந்து இன்னொரு 324 அளந்து பென்சில் கோடு போடுங்கள். மெல்லிய ஈ (E) தந்தியின் சாடிலை (பிரிட்ஜில் அந்தத் தந்தி உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டு) ஏறக்குறைய முழுக்க முன்னால் தள்ளி, அந்தக் கோட்டில் நிறுத்த வேண்டும். சுருதி சரிசெய்யும்போது சாடில்கள் பின்னால்தான் நகரும். அப்புறம் இரண்டு ஓரத் தந்திகளின் இடத்தில் நூல் கட்டிப் பாருங்கள். இரு நூலும் நெக்கின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடினால் மட்டும் ட்ரில்லைத் தொடலாம். திருகுக்குக் கொஞ்சம் சோப்பு தடவிக்கொள்ளுங்கள். மேபிள் மரத்தில் வறட்டுத் திருகு சட்டென்று முறியும்.

ஒயரிங்கில் நான் மறந்தது பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி. ஜாக்கைத் தொட்டால் இரைச்சல் குறைந்தது, தந்தியைத் தொட்டால் குறையவில்லை. அதை வைத்தே கண்டுபிடித்தேன்.

விற்கும் எண்ணம் இருந்தால் உதிரிக் கிட்டார் நஷ்டக் கணக்கு. முழுசாக விற்பதைவிடப் பிரித்து விற்றால்தான் காசு தேறும். பெயின்ட் அடித்துப் பழக ஆசை, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்பவர்களுக்குக் கிட் போதும். தினமும் வாசிக்க வேண்டும் என்றால் உதிரிதான். பணத்தில் பெரும்பங்கை நெக்குக்கு ஒதுக்குங்கள். பிக்கப்பை ஒரு மாலையில் மாற்றிக்கொள்ளலாம்.

கிட்டை வாங்கிவிட்டுப் பின்னால் நல்ல நெக் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், முதலில் பாடியில் உள்ள பள்ளத்தை அளந்துவிடுங்கள். என்னுடையது 55 மி.மீ.தான் இருந்தது. மிச்சம் ஒரு மில்லிமீட்டருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தேன்.